இருபத்தாறாவது தாள்

'சாந்த குணமுள்ளவர், கீழ்ப்படிதல் மிக்கவர், எவரோடும் தர்க்கம் செய்யாதவர், தனித்து வாழ ஏற்றவர்.'

போதகர் தம் கைப்பட எழுதி, சபையின் முத்திரையையும் குத்திக் கொடுத்த நற்சான்றிதழ் இது. எழுதியவர், சம்பந்தப்பட்ட பெண்மணியோடு ஏழு வருடம் ஓயாமல் தர்க்கம் செய்தவர். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைக்கக் கூடாது என்பதில் தொடங்கி, பிரசங்கம் அரை மணியைத் தாண்டக் கூடாது என்பது வரை, எதிலும் அவர் ஜெயித்ததாகத் தகவல் இல்லை. சான்றிதழை வாசித்துப் பார்த்த டீச்சர், "பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுன்னு போன மாசம்தானே ஐயா பிரசங்கம் பண்ணீங்க?" என்று கேட்டார்.

"இது சாட்சி இல்லம்மா, ஜெபம். அங்க போயாவது இப்படி ஆகணும்னு."

டீச்சர் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏழு வருடத்தில் போதகர் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான். அதுவும் வழியனுப்புகிற அன்று.

டீச்சர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். கட்டிய கணவரும் அப்படித்தான். ஐம்பத்தொரு வயது. கணக்கு வாத்தியாராக இருபத்தெட்டு வருடம். கடல் கடந்த ஊரில், திருச்சபை நடத்தும் பள்ளி ஒன்றுக்குக் 'கிறிஸ்தவக் கணக்கு ஆசிரியர் தேவை' என்று வந்த விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தவர், வேலை கிடைத்ததும் பழைய பள்ளியில் நீண்ட விடுப்பு கேட்கவில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். "பாதிக் கால் உள்ள, பாதிக் கால் வெளிய வச்சா எந்த ஊர்லயும் நடக்க முடியாது" என்பது அவர் கட்சி. அந்த வீரத்தின் விலை, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது: ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அதற்குள் மேற்பார்வையாளர் திருப்தியடைய வேண்டும். அந்த ஊர் மொழியில் ஒரு தேர்வும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் விமானச்சீட்டு. தேறிவிட்டால் கணவரும் வந்து சேரலாம். அவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர், வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "டீச்சர், பெட்டியைக் கட்டவா, பிரிக்கவா?" பெரிய நீலப் பெட்டி ஒன்று, பாதி அடுக்கியபடி, ஐந்து மாதமாகக் கூடத்தின் நடுவில் திறந்து கிடக்கிறது.

காலையில் ஆறு மணிக்கு டீச்சர் பருத்திப் புடவையை இஸ்திரி போடுவார். அந்தப் புடவைமேல் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டு வந்து விழுந்து, இஸ்திரி போட்டதற்கான அடையாளமே தெரியாமல் அடித்துவிடும். காலில் விளையாட்டு வீரர்கள் போடுகிற வெள்ளைச் சப்பாத்து. "யாரும் பாக்காத புடவைக்கு எதுக்கு அக்கா இவ்வளவு மினுக்கல்?" என்று, அறைக்கும் அடுக்களைக்கும் பங்காளியான நர்ஸ் கேட்பாள். "எனக்குத் தெரியும்ல" என்பார் டீச்சர். இரவுப் பணி முடித்து வந்து தூங்கத் தவிக்கும் அவளுக்கு, இஸ்திரிச் சத்தம் முடிந்தாலும் நிம்மதி கிடையாது. அடுத்தது ஜெபம்.

டீச்சரின் ஜெபம் மன்றாட்டு வகையைச் சேர்ந்ததல்ல. அலுவலகத்தில் கோப்பு எங்கே நிற்கிறது என்று விசாரிக்கிற வகை. "ஆண்டவரே, போன செவ்வாக்கிழமை சொன்னேனே, அந்த மொழிப் பரீட்சை விஷயம், அது என்ன ஆச்சு? அப்புறம் அவருக்கு முட்டி வலி. அதை இன்னும் கவனிக்கலை." பெயர் பெயராக, வரிசை வரிசையாக, கதவைத் தாண்டிக் கேட்கும் குரலில். உள்ளூர்ச் சபையில் எல்லோரும் உதடு பிரியாமல் பாடுகிறவர்கள். டீச்சர் சேர்ந்த மூன்றாம் ஞாயிறே அவரைப் பாடகர் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குரலைச் சபைக்கு நடுவில் விட்டு வைப்பதைவிட, ஓரமாகக் கூட்டத்தோடு நிறுத்துவது நல்லது என்று யாரோ விவரமறிந்தவர் முடிவெடுத்திருக்க வேண்டும். டீச்சர் அதைத் திறமைக்குக் கிடைத்த அங்கீகாரம் என்று ஊருக்குக் கடிதம் எழுதினார்.

பள்ளியில் கொடுத்த விதிமுறைக் கையேடு எண்பத்து நாலு பக்கம். பழைய ஆசிரியர்களில் பலர் உறைகூடப் பிரிக்காத அந்தப் புத்தகத்தை டீச்சர் ஒரே வாரத்தில், பென்சிலும் கையுமாக, முழுதும் படித்தார். விதிகளை இவ்வளவு மரியாதையோடு படித்தவரும் இல்லை, இவ்வளவு தாராளமாக மீறியவரும் இல்லை. ஓரங்களில் தமிழில் குறிப்புகள் இருக்கும். 'ஆசிரியர் உள்ளே வரும்போது மாணவர் எழுந்து நிற்கத் தேவையில்லை' என்பதற்குப் பக்கத்தில், 'சரி, போகட்டும்.' 'தேர்வு முடிவுகளை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும்' என்பதற்குப் பக்கத்தில், 'ஏன்? மதிப்பெண் என்ன வியாதியா?' அறுபத்தோராம் பக்கத்தில், 'மாணவர் வீடுகளுக்கு ஆசிரியர் செல்லலாகாது.' அங்கே வெறும் ஆச்சரியக்குறி, மூன்று.

முதல் வாரத்திலேயே இருபத்தாறு பிள்ளைகளையும் நோட்டுக்குப் பழுப்புக் காகிதத்தில் அட்டை போட வைத்தார். அஞ்சல் நிலையத்தில் பொட்டலம் கட்டுகிற காகிதத்தைச் சுருளாக வாங்கிவந்து, வெட்டி, மடித்து, மூலையைச் செருகுவது எப்படி என்று ஒரு பாடவேளை முழுதும் சொல்லிக் கொடுத்தார். பதினோரு வயதுப் பிள்ளைகள் அதுவரை அப்படி ஒரு வித்தையைக் கண்டதில்லை. அட்டைமேல் லேபிள், லேபிளில் பெயர், வகுப்பு, அப்பா பெயர், வீட்டு விலாசம். நோட்டு தொலைந்தால் வீடு வந்து சேர வேண்டாமா? பிள்ளைகளின் விலாசத்தைப் பள்ளி பூட்டிவைத்துப் பாதுகாக்கும் ஊரில், இருபத்தாறு விலாசங்கள் டீச்சர் மேசைமேல் பகிரங்கமாக அடுக்கியிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. அட்டை அவ்வளவு அழகாக இருந்தது.

ஐந்தாம் மாதக் கடைசியில், முதல் பெரிய கணக்குப் பரீட்சை. திங்கட்கிழமை டீச்சர் திருத்திய தாள்களைக் கொண்டுவந்தார். இருபத்தெட்டு வருடமாக எப்படிக் கொடுத்தாரோ, அவருக்கு அவர் வாத்தியார் எப்படிக் கொடுத்தாரோ, அப்படியே: அதிக மதிப்பெண் மேலே, குறைந்தது அடியில். பெயர் சொல்லி, மதிப்பெண் சொல்லி, எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் விஷயம் விளங்கவில்லை. ஏதோ பரிசளிப்பு என்று நினைத்து முதல் பெயருக்குக் கை தட்டினார்கள். இரண்டாவதுக்கும் தட்டினார்கள். பத்தாவது பெயரில் தட்டல் மெலிந்தது. பதினைந்தாவது பெயரில், இது எங்கே போய் முடியும் என்று கணக்கில் மந்தமான பிள்ளைக்கும் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நாற்காலி நகரும் சத்தம் மட்டும்தான். இருபத்தாறாவது தாள், ஜன்னலோரம் உட்காரும் சிறுமியுடையது. ஐம்பதுக்குப் பதினொன்று. "அடுத்த தடவை முன்னாடி வந்துடணும், என்ன?" என்று டீச்சர் சிரித்த முகமாகவே சொன்னார். ஊரில் அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் தலையைச் சொறிந்துகொண்டு இளிப்பார்கள். இந்தப் பிள்ளை தாளை வாங்கியது. இளிக்கவில்லை.

செவ்வாய் அவள் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளியும் வரவில்லை. அலுவலகத்தில் கேட்டதற்கு, வீட்டுக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது என்றார்கள். "பதில் வந்துச்சா?" வரவில்லை. "அப்ப யாராவது போய்ப் பாத்தீங்களா?" எழுத்தர் டீச்சரை ஒரு தினுசாகப் பார்த்தார்.

அதே வெள்ளிக்கிழமை டீச்சர் பேரிலும் ஓர் உறை வந்திருந்தது: மொழித் தேர்வு முடிவு. எழுதிய பதினான்கு வெளிநாட்டு ஆசிரியர்களில் டீச்சர் பதினான்காவது. நூற்றுக்கு நாற்பத்தொன்று; தேற வேண்டியது அறுபது. திருத்திய விடைத்தாளின் நகலும் கூடவே இருந்தது. 'உங்கள் மேல்மாடிக்காரர் தினமும் சத்தமாகப் பாட்டு வைக்கிறார். கட்டட நிர்வாகத்துக்குப் புகார் எழுதுக' என்ற கேள்விக்கு, தான் புகார் எழுத மாட்டேன் என்றும், மாடி ஏறிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்பதே முறை என்றும், அரைகுறை மொழியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். சுழியம்.

நர்ஸ் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "பரீட்சைலயும் சண்டையா அக்கா?"

"கேள்வியே தப்பு."

"சரி விடுங்க. ரெண்டு வாரத்துல மறுபடி எழுதலாம்னு போட்டிருக்கு. அதுல தேறிட்டா அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்க. இது ஒண்ணு நடந்துச்சுன்னே ஸ்கூலுக்குத் தெரிய வேண்டாம். ரெண்டே ரெண்டு வாரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்."

"அதுதானே எனக்கு வராது."

"வர வச்சுக்கோங்க. திங்கக்கிழமை மேற்பார்வை அம்மா கிளாஸ்ல வந்து உக்காரப் போறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? கடைசித் தடவை வேற. அவங்க முன்னாடியாவது ஒழுங்கா இருங்க."

டீச்சர் உறையைக் கைப்பையில், போதகரின் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யாகாது என்று ஆண்டவரிடம் அன்று விளக்கமாக வாதாடினார். ஆண்டவர் மறுத்துப் பேசவில்லை. வழக்கமாக அது டீச்சருக்குப் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, சிறுமியின் நோட்டை எடுத்துக்கொண்டு, லேபிளில் இருந்த விலாசத்துக்குக் கிளம்பினார். இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். நாலாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கதவைத் திறந்தவள் சிறுமிதான். டீச்சரைப் பார்த்ததும் சாத்தலாமா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் சப்பாத்தை வெளியே கழற்றிவிட்டு டீச்சர் உள்ளே வந்துவிட்டார்.

அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பிரெஷ்ஷால் காலணி துடைத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் பாடம் ஆங்கிலத்தில். அவருக்குத் தெரிந்ததோ அந்த ஊர் மொழி மட்டும். வந்திருப்பது யார் என்று மகள் சொன்னதும் எழுந்து நின்றார். பிரெஷ்ஷைக் கீழே வைக்காமலே பேசத் தொடங்கினார். பேசினார், பேசினார், மூச்சு வாங்கிவிட்டு மறுபடி பேசினார். கழுத்து நரம்பு புடைத்தது. டீச்சருக்கு அதில் பாதி புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"அப்பா என்ன சொல்றாரு?" என்று சிறுமியிடம் கேட்டார்.

சிறுமி அப்பாவைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். "நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றியாம்."

அப்பா மேசையில் பிரெஷ்ஷால் ஓங்கித் தட்டி இன்னொன்று சொன்னார்.

"மாடி ஏறி வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களான்னு கேக்குறாரு."

டீச்சர் விடவில்லை. "நேத்து ஸ்கூலுக்கு ஃபோன் பண்ணி என்மேல புகார் சொல்லிட்டேன்னு சொல்றாரு. இல்லையா?"

சிறுமியின் காது சிவந்தது.

"பிள்ளையைக் கூட்டத்துக்கு நடுவுல நிக்க வச்சு, கடைசின்னு உலகத்துக்கே சொல்ல நீங்க யாருன்னு கேக்குறாரு. இல்லையா?"

"...கொஞ்சம் அந்த மாதிரிதான்."

ஐம்பதுக்குப் பதினொன்று வாங்கிய பிள்ளை, இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் நின்று, அடி யார்மேலும் விழாதபடி சொற்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தார். இருபத்தெட்டு வருடத்தில் எத்தனை கடைசித் தாள்கள் என்று ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. வருடத்துக்கு மூன்று பரீட்சை, இரண்டு மூன்று வகுப்பு. பெருக்கல் அவருக்கு ஒரு நொடி வேலை. பாதியில் நிறுத்திக்கொண்டார். தலையைச் சொறிந்துகொண்டு இளித்த பிள்ளைகளெல்லாம் சிரிப்பு வந்துதான் இளித்தார்களா என்று அதுவரை அவர் யோசித்ததில்லை.

"உங்க அப்பா கேக்குறது நியாயம்" என்றார் கடைசியில். "நான் பண்ணது தப்பு. இதை அப்படியே சொல்லு. இதுல ஒண்ணும் மாத்தாத."

சிறுமி சொன்னாள். அப்பா பிரெஷ்ஷை மேசைமேல் வைத்தார். சண்டைக்குத் தயாராக நின்ற மனிதருக்கு எதிராளி இல்லாமல் போனதில், கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்புறம் நிஜமாகவே தண்ணீர் கொண்டுவந்தார்.

எழுந்தபோது டீச்சர் சிறுமியிடம் நோட்டைக் கொடுத்தார். "திங்கக்கிழமை வா. முதல் பீரியடு மட்டும் இரு. பிடிக்கலைன்னா எழுந்து போயிடு. நான் கூப்பிட மாட்டேன்."

"எல்லாரும் என்னைப் பாப்பாங்க."

"பாக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

ஞாயிறு மாலை கணவர் அழைத்தார். டீச்சர் நடந்ததையெல்லாம் சொன்னார், உறையையும் சொன்னார், மறுநாள் தான் செய்யப்போவதையும் சொன்னார். அடுக்களையிலிருந்து நர்ஸ், "மேற்பார்வை அம்மா எதிர்லயா? ஐயோ, வேணாம் அக்கா! அண்ணே, நீங்களாவது சொல்லுங்க!" என்று குரல் கொடுத்தாள். அந்தப் பக்கம் நடத்துநர் தன் வழக்கமான கேள்வியில் பாதியை மட்டும் கேட்டார்.

"அப்ப பெட்டியைப் பிரிச்சிடவா?"

"உங்களுக்குக் கோவமா?"

"கோவம் என்ன. கூடத்துல நடக்க இடமாகும்" என்றவர், கூடவே, "டீச்சர், செய்றதைச் சத்தமா செய். உனக்கு மெதுவா செய்ய வராது" என்றார்.

திங்கட்கிழமை பள்ளி வராந்தாவில் மேற்பார்வையாளர் காத்திருந்தார். ஒல்லியான, நிதானமான பெண்மணி; கையில் மதிப்பீட்டுப் படிவமும் ஒரு புகார்த் தாளும். அவர் வாயைத் திறப்பதற்குள் டீச்சர் முந்திக்கொண்டார். "புகார் உண்மை. அதோட, சனிக்கிழமை நான் அந்தப் பிள்ளை வீட்டுக்கும் போனேன். கையேடு அறுபத்தோராம் பக்கம். தெரிஞ்சுதான் போனேன்."

"தெரிஞ்சும் ஏன் போனீங்க?"

"பிள்ளை அங்கதானே இருந்துச்சு."

மேற்பார்வையாளர் எதையோ எழுதப்போய், எழுதாமல் விட்டார். உள்ளே போய்க் கடைசி வரிசையில், பிள்ளைகள் உட்காரும் சிறிய நாற்காலியில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்தார். சிறுமி வந்திருந்தாள். ஜன்னலோரத்தை விட்டுக் கதவுக்குப் பக்கத்து மேசையில், பையை மடியில் வைத்தபடி, பாதி எழுந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பாடவேளைக்குப் பிறகு நிரப்பப்பட்ட படிவம், இரண்டு வாரம் கழித்து டீச்சர் கைக்கு வந்தது. அதில் இருப்பது இது: 'விதிமுறைகளைப் பின்பற்றுதல்: நன்று. மொழித் தேர்வு: மறுவாய்ப்பின் முடிவு வரும்வரை பணியில் தொடரலாம். இயல்பு: அடக்கமானவர்.' டீச்சர் அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டியபோது, "அடக்கமா? ஏம்மா, வேற யாரோட ஃபாரமோ உனக்கு மாறி வந்திருக்கு. பேரைச் சரியாப் பாரு" என்றார் கணவர். பார்த்தார், அவர் பெயர்தான். நீலப் பெட்டி இன்னும் கூடத்தில்தான் திறந்து கிடக்கிறது. கம்பளிச் சட்டை ஒன்று புதிதாக ஏறியிருப்பதாகத் தகவல். டீச்சர் படிவத்தையும் நான்காக மடித்துப் போதகரின் சான்றிதழோடு சேர்த்து வைத்தார்.

அந்தத் திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அவர் செய்தது இவ்வளவுதான். கைப்பையிலிருந்து உறையை எடுத்துப் பிரித்தார். மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைவரை கேட்கும் குரலில், முதலில் தன் பெயரைச் சொன்னார். மொழித் தேர்வில் நூற்றுக்கு நாற்பத்தொன்று என்றார். பதினான்கு பேரில் பதினான்காவது என்றார். பிறகு தாளைக் கொண்டுபோய்க் கதவோரம் இருந்த சிறுமியின் மேசையில் வைத்து, சிவப்புப் பேனாவை அவள் கையில் கொடுத்து, எங்கெங்கே தப்பு என்று காட்டித் தரச் சொல்லி, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.